ஒரு பிடி புளியங்கொட்டை

உக்காருங்க தம்பி, பெஞ்சுல எடம் இருக்குது. பஞ்சருக்குத்தானே வந்தீங்க? வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தப்பவே பார்த்தேன், பின்சக்கரம். பஞ்சர்க்காரன் என்ன சொல்றான், ஆணின்னு சொல்றானா? ஆணியைக் காட்டுனானா? காட்டச் சொல்லோணும் தம்பி. துருப்பிடிச்ச ஆணின்னா ரோட்டுல ஏறுனது. பளபளன்னு புது ஆணியா இருந்துச்சுன்னா கொஞ்சம் ரோசனை பண்ணிக்குங்க. நான் அவனைத் தப்பாச் சொல்லலை. எதுக்கும் கேட்டு வெக்கறது நல்லதுங்கறேன், அவ்வளவுதான்.

கொஞ்சம் இந்தப் பக்கமா நகந்துக்குங்க. எனக்கு அந்த ஜன்னல் தெரியோணும். எதுத்தாப்புல மாடியில பச்சை ஜன்னல் இருக்குது பாருங்க, டியூசன் சென்டருன்னு போர்டு போட்டிருக்குது. கீழ ஜெராக்ஸ் கடை, ஞாயித்துக்கெளமை சாத்தியிருக்கும். பக்கத்துல ஏறுதே ஒரு படி, ஏறறதும் எறங்கறதும் அது ஒண்ணுலதான். பின்னாடி வழியில்லை. நான் சுத்திப் பார்த்துட்டேன்.

போலீஸ்னு நெனச்சுக்காதீங்க. நல்லமுத்துன்னு பேரு. இன்சூரன்ஸ் சர்வேயரு. வண்டியை எங்காச்சும் மோதிப்போட்டுக் காசு கேட்டு வருவாங்கள்ள, அந்த வண்டியைப் பார்த்து, நெசமாவே மோதுனதா, இல்லை பழைய அடியைப் புது அடின்னு சொல்றாங்களான்னு எழுதிக் கொடுக்கற வேலை. கண்ணாடி உள்ள கொட்டியிருக்கா வெளிய கொட்டியிருக்கான்னு பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சு போகும். இந்த ஈரோட்டுல எங்கிட்டப் பொய் சொல்லித் தப்பிச்சவன் நொம்பக் கம்மிங்க. வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடி நான் ஆளோட மொகத்தைத்தான் பார்ப்பேன்.

இந்த டீயைப் பாருங்க. சக்கரையே இல்லை. எனக்குச் சக்கரை வியாதி இருக்குது, நெசந்தான். ஆனா நான் இந்த டீக்கடை ராசப்பங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை. மொத வாரம் வந்து உக்காந்து "ஒரு டீ"ன்னு மட்டுந்தான் சொன்னேன். கொண்டாந்து வெச்சான், சக்கரை இல்லை. அவனுக்கு எப்புடித் தெரியும்? இன்னொண்ணு சொல்றேன், வெயில் எறங்க எறங்க இந்தப் பெஞ்சைப் புடிச்சு இழுத்து இழுத்துச் சுவரோரமாப் போட்டுட்டே இருப்பான். ஜன்னல் எனக்குத் தெரியக்கூடாதுன்னு ஆரோ சொல்லி வெச்சிருக்கோணும். நானும் கம்முனு கவனிச்சுட்டுத்தான் இருக்கறேன்.

மேல என்ன நடக்குதுன்னா கேக்கறீங்க? ஆட்டம் நடக்குதுங்க. சீட்டாட்டமெல்லாம் இல்லை. காசு வெக்கற ஆட்டமா இருந்தா எனக்குச் சுளுவாப் புரிஞ்சிருக்கும். இது கதை ஆட்டம். மேசையைச் சுத்தி உக்காந்துக்கறது. டியூசன் நடத்தறாங்களே ஹேமலதா டீச்சரு, அவங்க கதையை நடத்துவாங்க. ஆடறவங்களுக்கு ஆளுக்கு ஒரு வேசம். "இப்ப நீங்க ஒரு காட்டுக்குள்ள நிக்கறீங்க, முன்னாடி ஆறு ஓடுது, என்ன பண்றீங்க?"ன்னு அவங்க கேப்பாங்க. "நான் நீந்தறேன்"னு நம்ம சொல்லோணும். நீந்துனமா முழுகுனமான்னு பகடை சொல்லும். பகடைன்னா தாயக்கட்டை மாதிரி இல்லை, இருவது மொகம் இருக்குது அதுக்கு, எலந்தப்பழமாட்ட உருளும். டீச்சரோட தங்கச்சி வெளிநாட்டுல இருந்து அனுப்புன ஆட்டமாம். அதுல இருந்த பூதம் பிசாசையெல்லாம் எடுத்துப்போட்டு, உப்பு வண்டி, கள்ளனுங்க, மண்கோட்டைன்னு டீச்சரே மாத்தி வெச்சிருக்கறாங்க.

என்ற ஊட்டுக்காரி மைனாவதி இதுல போய்ச் சேர்ந்தா. பொண்ணைப் பூனாவுல கட்டிக் கொடுத்த பொறகு ஊட்டுல நானும் அவளுந்தான். திடீர்னு ஒரு ஞாயித்துக்கெளமை மத்தியானம் தலை சீவி, நல்ல சேலையா உடுத்துக்கிட்டு, "டீச்சரோட டியூசன் மாடியில ஒரு ஆட்டமுங்க, போயிட்டு வந்தர்றேன்"னா நான் என்னன்னு நெனைக்கறது தம்பி? வெளையாடற வயசா அவளுக்கு? அடுத்த வாரம் நானும் கூடவே கெளம்பிட்டேன். "நீங்களுமா?"ன்னு கேட்டா. மொகத்துல ஒரு சந்தோசம். அந்தச் சந்தோசத்தைக் கூட நான் அப்ப நம்பலை.

மொத்தம் மூணு பேருதான் ஆடறோம். நான், மைனா, அப்புறம் முபாரக்குன்னு ஒருத்தரு. கண்ணாடிக் கடை வெச்சிருக்கறாரு, பவர் கண்ணாடி. நல்ல மனுசன்தான். நல்ல மனுசன் மாதிரித்தான் தெரியறாரு.

டீச்சரு ஆரம்பத்துலயே ஒரு கிண்ணம் நெறையப் புளியங்கொட்டை கொண்டாந்து நடுவால வெச்சாங்க. "உங்க ஆளுக்கு ஒரு ஆசை வேணும், அதை எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. ஒரு விதி வேணும், கதையில ஒரு நாள் என்ன நடந்தே தீருங்கறது, அதை எங்காதுல மட்டும் சொல்லுங்க"ன்னாங்க. அந்த ஆசைக்காக நட்டப்பட்டு ஒரு காரியம் பண்ணுனா உங்களுக்கு ஒரு கொட்டை. நட்டப்பட்டுங்கறது முக்கியம், சும்மா பண்ணுனாக் கெடையாது. ஒரு கொட்டையைக் கொடுத்தாப் பகடையை மறுபடி உருட்டிக்கலாம். விதி பலிச்சுருச்சுன்னா ஒரு பிடி. முழுசா ஒரு பிடி. அந்தப் பிடியை அப்புடியே மேசை மேல போட்டா, உங்க ஆளு செஞ்சு முடிச்ச காரியம் ஏதாச்சும் ஒண்ணைச் செய்யலைன்னு மாத்திக்கலாம். அதோட அந்த ஆளோட கதை முடிஞ்சுது. இதுதான் ஆட்டம்.

முபாரக்கு சமையக்காரரா வந்தாரு. உப்பு வண்டிக் கூட்டத்துக்குச் சோறாக்கற ஆளு. அவரு ஆசை என்னன்னா, கூட்டத்துல ஒருத்தரும் பட்டினியாப் படுக்கக் கூடாதாம். என்ற ஆளு பேரு காளன். காவக்காரன். ராத்திரி கூட்டம் எங்க தங்குதோ அங்க கதவுல நிக்கறவன். உப்பு மூட்டை ஒண்ணு கொறையாமப் போய்ச் சேரோணும், அதுதான் காளனோட ஆசை. விதியை டீச்சரு காதுல சொன்னேன். "கூட்டத்துக்குள்ளயே ஒரு துரோகி இருக்குது, அதைக் காளன் கண்டுபுடிச்சே தீருவான்." டீச்சரு என்னைப் பார்த்தாங்க. "ஆருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"ன்னாங்க. "ஆட்டத்துல வரட்டுமுங்க"ன்னேன். "சரி, வரும்"னாங்க.

மைனா வந்து, வழிகாட்டற பொம்பளை. வெள்ளச்சின்னு பேரு வெச்சுக்கிட்டா. ஆத்தங்கரை, காடு, எல்லாப் பாதையும் தெரியும், ஆனா ஊரில்லை, ஊடில்லை. "வெள்ளச்சிக்கு என்னம்மா ஆசை?"ன்னு டீச்சரு கேட்டாங்க. "ஒரு கதவுக்கு உள்ளாற படுத்து ஒரு நாளாவது பயமில்லாமத் தூங்கோணுங்க"ன்னா. நான் சிரிச்சுட்டேன். எங்க ஊட்டுல மூணு கதவு, ரெண்டு பூட்டு, கேமராவே வெச்சிருக்கறேன். இவளுக்கு என்ன தூக்கக் கொறை? அப்புறம் விதியைச் சொல்லறதுக்கு டீச்சரு காதுகிட்டக் குனிஞ்சா பாருங்க, சொல்றா சொல்றா, சொல்லிட்டே இருக்கறா. சொல்லி முடிச்சுப்போட்டு ரெண்டு பேரும் ஒண்ணா என்னையத் திரும்பிப் பார்த்தாங்க. பார்த்துச் சிரிச்சாங்க.

அங்கதான் தம்பி எனக்கு வெசனம் புடிச்சுது. என்னையப் பார்த்து எதுக்குச் சிரிக்கோணும்?

அன்னிக்கு இருந்து ஆட்டத்தை நான் ஆட்டமாப் பார்க்கலை. மூணு பேருல ஒருத்தரு துரோகி. முபாரக்கு பானையைத் தவிர ஒண்ணையும் நெனைக்கறதில்லை. ஒரு வாரம் கள்ளனுங்க தொரத்திட்டு வர்றானுங்க, எல்லாரும் ஓடறோம், இவரு திரும்பி ஓடறாரு. எதுக்கு? அடுப்புல இருக்கற பானையை எடுக்க! கையெல்லாம் சுட்டுப்போச்சுன்னு டீச்சரு சொல்றாங்க. அதுக்கு ஒரு கொட்டை. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கலை. நானும் "காளன் சந்தேகப்படறான்"னு வாரா வாரம் சொல்லிப் பார்த்தேன். ஒரு கொட்டை கூட வரலை. ஏனுங்க டீச்சர், நான் ஒழுங்கா ஆடலையான்னு நேராவே கேட்டுப்போட்டேன். "சந்தேகம் காளனோட ஆசை இல்லீங்களே, அது உங்க கொணமுங்க"ங்கறாங்க. படிச்சவங்க வாயைப் பார்த்தீங்களா?

வெள்ளச்சி பண்றதையெல்லாம் நான் கவனிச்சுட்டே வந்தேன். கூட்டம் நடக்கையில இவ மட்டும் கடைசியா வருவா. பாதை பிரியற எடத்துல எல்லாம் ஒரு கல்லு மேல இன்னொரு கல்லா அடுக்கி வெப்பா. எதுக்குன்னு காளன் கேட்டா, "பழக்கம்"ங்கறா. அதே வாரத்துல கள்ளனுங்க நம்ம பின்னாடியே வர்றானுங்க. நீங்களே சொல்லுங்க, சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியுமில்லீங்க?

ஊட்டுக்கு வந்து கேட்டேன். தோசை ஊத்திட்டு இருந்தா. "வெள்ளச்சி எதுக்குக் கல்லு வெக்கறா?"ன்னேன். "ஆட்டத்துல கேளுங்க, அடுப்படியில கேக்காதீங்க"ன்னா. சிரிச்சுட்டேதான் சொன்னா. "ஆட்டத்துல கேட்டா மழுப்பறியே"ன்னேன். சிரிப்பு நின்னுபோச்சு. தோசையைத் திருப்பிப் போட்டா. "உங்களுக்கு நான் கடைக்குப் போனாலும் கேள்வி, அம்மா ஊட்டுக்குப் போனாலும் கேள்வி. அங்க ஒரு மூணு மணி நேரம் நான் வேற ஆளுங்க. அவளையும் கேக்கோணுமா?"ன்னா. இதுல கோவப்பட என்ன இருக்குது? கேள்வி கேக்கறவன் மேல கோவம் வந்தா, பதில்ல ஏதோ கோளாறுன்னுதானே அர்த்தம். என்ற சர்வீசுல நான் பார்த்தது அப்புடித்தான்.

அப்புறம் வந்துச்சு அந்த ஞாயித்துக்கெளமை.

கூட்டம் ஒரு மண்கோட்டைக்குள்ள தங்கியிருக்குது. பெரிய மரக்கதவு. காளன் கதவுல நிக்கறான். வெள்ளச்சி ஆத்துப் பக்கம் வழி பார்க்கப் போனவ திரும்பலை. டீச்சரு சொல்றாங்க, "மேக்கால மழை, ஆத்துல வெள்ளம் வர்ற சத்தம் கேக்குது. மேட்டுல கள்ளனுங்க தீப்பந்தம் தெரியுது. கதவை ஆரோ தட்டறாங்க." மைனா மேசையைத் தட்டுனா. கையாலயே, டொக்கு டொக்குன்னு. "காளா, நான்தான் வெள்ளச்சி. கதவைத் தெற"ன்னா.

நான் கேட்டேன், "இத்தனை நேரம் எங்கிருந்தே?"

"வெள்ளம் வருது, உள்ள உடு, அப்புறம் சொல்றேன்."

"உன்னைய ஆரு அனுப்பிச்சது?"

"ஆரும் அனுப்பலை காளா. தெற."

முபாரக்கு பின்னாடி இருந்து, "அண்ணா, தெறந்து உடுங்கண்ணா, பொம்பளை வெளிய நிக்குது"ங்கறாரு. டீச்சரு பகடையைக் கையில எடுத்து ஓரமா வெச்சுட்டாங்க. "இதுக்குப் பகடை வேண்டாமுங்க. தெறக்கறீங்களா, இல்லையா? உங்க இஷ்டம்"னாங்க.

தம்பி, என்ற மனசுல எல்லாம் சட்டுசட்டுன்னு சேருது. காதுல சொன்ன ரகசியம், சிரிச்ச சிரிப்பு, கல்லு, மேட்டுல தீப்பந்தம். கதவைத் தெறந்தா அவ பின்னாடியே அத்தனை பேரும் உள்ள பூந்துருவானுங்க. நான் சொன்னேன், "காளன் தெறக்க மாட்டான். தாழ்ப்பாள் மேல இன்னொரு கட்டையை எடுத்துப் போடறான்."

மைனா தட்டுன கை அப்புடியே மேசை மேல நின்னுபோச்சு. என்னைய நிமிந்து பார்த்தா. வெள்ளச்சி பார்த்த மாதிரி இல்லைங்க அது. மைனா பார்த்தது.

டீச்சரு கிண்ணத்துக்குள்ள கையை உட்டு ஒரு பிடி அள்ளி எம்முன்னாடி வெச்சாங்க. "உங்க விதி பலிச்சுருச்சுங்க"ன்னாங்க.

எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே! எந்திரிச்சே நின்னுட்டேன். "பார்த்தியா மைனா, புடிச்சுட்டேன் பாரு!"ன்னு கத்திட்டேன். கீழ ரோட்டுக்கே கேட்டிருக்கும். ஒருத்தரும் சிரிக்கலை. மைனா மெதுவாக் கேட்டா, "டீச்சர், என்ற விதியை நானே சொல்லிறட்டுங்களா?" டீச்சரு தலையாட்டுனாங்க. "காளன் ஒரு நாள் எங்கிட்ட ஒரு கேள்வியும் கேக்காமக் கதவைத் தெறப்பான். அதுதானுங்க நான் காதுல சொன்னது"ன்னா.

அப்ப கல்லு? கல்லு எதுக்குன்னேன். முபாரக்கு தலையைச் சொறிஞ்சுட்டே சொல்றாரு, "அது எனக்குங்கண்ணா. நான் பானையைத் தூக்கிட்டு எப்பவும் பின்னாடி வருவேனில்லீங்க, வழி தப்பிறக் கூடாதுன்னு வெள்ளச்சி வெச்சுட்டுப் போவாங்க." அப்பப் பாருங்க, அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும் சொல்லலை. கேட்டா, நான் கேக்கவே இல்லையாம்! முபாரக்குகிட்ட நான் கேக்கலையாம்! அவருகிட்டப் போய் நான் எதுக்குக் கேக்கோணும், சந்தேகப்படறது அவளைன்னா?

எனக்குக் கோவம்னா கோவம். அவ துரோகி இல்லைன்னா எனக்கு எதுக்குக் கொட்டை? "எதுக்கு டீச்சர் கொடுத்தீங்க?"ன்னேன். "பொறுமையா ரோசனை பண்ணிப் பாருங்க. வேணும்னா அந்தப் பிடியை இப்பவே மேசையில போடுங்க, கதவு தெறந்துக்கும். ஆருக்கும் நட்டமில்லை"ன்னாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. என்னைய ஏமாத்திப்போட்டு, வாயை மூடறதுக்கு ஒரு பிடி கொட்டை. அதையும் உடனே திருப்பி வாங்கிக்கறதுக்கு ஒரு வழி. விபத்து பண்ணுன வண்டியை ராத்திரியோட ராத்திரியாப் பெயிண்ட் அடிச்சு வெச்சுருவானுங்கள்ள, அந்த மாதிரி. நான் அத்தனையையும் வாரிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு எறங்கி வந்துட்டேன். இந்தா, இப்பவும் பையிலதான் இருக்குது. தொட்டுப் பாருங்க. குளிக்கையில கூடக் கண்ணு படற எடத்துலதான் வெப்பேன்.

அன்னிக்கு மைனா வண்டியில பின்னாடி உக்காந்து வந்தா. ஊட்டு வாசல்ல எறங்கையில சொன்னா, "ஆட்டத்துலயாவது தெறப்பீங்கன்னு நெனச்சேனுங்க." அவ்வளவுதான். என்ன அர்த்தம் தம்பி அதுக்கு? நானும் எத்தனையோ நாளு ரோசனை பண்ணிட்டேன். இவளுக்கு நான் எந்தக் கதவைச் சாத்துனேன்?

அதுக்கப்புறம் நான் ஆடப் போறதில்லை. அவ போறா. நான் சும்மா ஊட்டுல உக்காந்திருக்க முடியுமா, இங்க வந்து உக்காந்துக்கறேன். அவளுக்குத் தெரியாது. அவ போய்க் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் கெளம்புவேன், அவ எறங்கறதுக்கு முன்னாடியே ஊடு போய்ச் சேர்ந்துக்குவேன். ஊட்டுல சண்டையெல்லாம் இல்லைங்க. சோறு வெக்கறா, மாத்திரை எடுத்துக் கொடுக்கறா. "சாப்புட வாங்க", "சாவி இந்தா". அதோட சரி. சண்டை போட்டாலாவது என்ன ஏதுன்னு கேக்கலாம். பொண்ணோட ரூமுல படுத்துக்கறா. ஃபேன் சத்தம் ஆகலையாம்.

இப்ப பூனாவுக்குப் போறாளாம். நாளன்னிக்கு ரயிலு. பொண்ணு கூப்புட்டாளாம். எப்பத் திரும்புவேன்னு கேட்டேன், "பார்க்கலாமுங்க"ங்கறா. பெட்டியில சுவெட்டரு வெச்சிருக்கறா தம்பி. இப்பச் சித்திரை மாசம். சுவெட்டரு எதுக்கு? இன்னிக்கு ஆட்டத்துக்குக் கெளம்பையில "அப்ப நான் போறேனுங்க"ன்னா. போயிட்டு வர்றேன்னு சொல்லலை. காய் வாங்கப் போனாக் கூட வர்றேன்னு சொல்லிட்டுப் போற பொம்பளைங்க அவ. ஆட்டத்துக்கா, பூனாவுக்கான்னு கேக்க வந்துச்சு. கேக்கலை. வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டேன்.

நீங்க வர்றதுக்குச் சித்த முந்தி முபாரக்கு ரோட்டைத் தாண்டி இங்க வந்தாரு. பஜ்ஜி வாங்கற சாக்குல. "அண்ணா, இன்னிக்குக் கதையை முடிக்கறோமுங்க. வெள்ளச்சி இத்தனை வாரமாக் கதவுக்கு வெளியவே நிக்குது. வெள்ளத்தை டீச்சரு நிறுத்தி வெச்சிருக்கறாங்க, நாங்க ரெண்டு பேரும் வேற சின்னக் கதை ஆடிட்டு இருந்தோம். அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பாங்க. நீங்க வந்து அந்தப் பிடியைப் போட்டாக் கதவு தெறக்கும். இல்லைன்னா தண்ணி வந்துரும், வெள்ளச்சி போயிருவா"ன்னு சொல்லிப்போட்டுப் போனாரு. நான் இங்க இருக்கறது இவருக்கு எப்புடித் தெரிஞ்சுது? அதைக் கேக்கறதுக்குள்ள படி ஏறிட்டாரு.

பார்த்தீங்களா, அவங்களுக்குக் கொட்டை வேணும். எங்கிட்ட இருக்கற ஒரே ஆதாரம் இதுதான். போய்ப் போட்டுட்டேன்னா, நான்தான் தப்புன்னு ஆகிப்போகும். நான் போவனா? மணி என்னாச்சு? நாலே முக்காலா. இருக்கட்டும்.

என்ன கேட்டீங்க?

துரோகியைக் கண்டுபுடிச்சேனான்னா? இது என்னங்க கேள்வி, கண்டுபுடிக்காம எப்புடிக் கொட்டை வரும்? அந்தம்மா சும்மா தூக்கிக் கொடுக்கற ஆளில்லை. விதி பலிச்சாத்தான் ஒரு பிடி. என்ற விதி துரோகியைக் கண்டுபுடிக்கறது. பலிச்சுருச்சுன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க. அப்ப அன்னிக்குக் கோட்டைக்குள்ள துரோகி இருந்திருக்கோணும். வெள்ளச்சி இல்லைன்னு ஆகிப்போச்சு. முபாரக்கு பானையும் கையுமா எம்பின்னாடி நின்னு தெறங்கண்ணாங்கறாரு, அவரும் இல்லை. டீச்சரு கதை சொல்றவங்க, அவங்களுக்கு வேசமே கெடையாது. அப்பக் கதவுகிட்ட மிச்சம்...

ஒண்ணுமில்லைங்க. என்னமோ சொல்ல வந்தேன்.

நீங்க எதுக்கு என்ற மொகத்தையே பார்க்கறீங்க? அப்ப இருந்து பார்த்துட்டே இருக்கறீங்க. நெசமாவே பஞ்சருக்குத்தான் வந்தீங்களா? ஆராச்சும் அனுப்பிச்சு உட்டாங்களா உங்களை?

ஏனப்பா ராசப்பா! இங்க வா. இன்னிக்கு நீ சொல்லித்தான் ஆகோணும். எனக்குச் சக்கரை போடக்கூடாதுன்னு உனக்கு ஆரு சொன்னது? சும்மா முழிக்காதே, சொல்லு. பெஞ்சை எதுக்கு வாரா வாரம் இழுத்துப் போடறே?

...

கேட்டீங்களா தம்பி, அவன் சொன்னதை? நீங்களும் கேட்டீங்கள்ள? "அக்கா சொல்லிட்டுத்தானுங்க மேல போறாங்க, மொத வாரத்துலயே சொல்லிட்டாங்க"ங்கறான். "எங்க ஊட்டுக்காரரு இங்கதான் வந்து உக்காருவாரு, டீயில சக்கரை போட்டுறாதீங்க, கேட்டாலும் போடாதீங்க. அவருக்கு வெயில் ஆகாது, மண்டையிடி வந்துரும், பெஞ்சை நெழலுக்கு இழுத்துப் போட்டுருங்க"ன்னாளாம்.

மொத வாரத்துலயேவா.

அப்ப நான் இங்க உக்காந்து வேவு பார்க்கறது அவளுக்கு அத்தனை வாரமும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே படி ஏறியிருக்கறா. ஒரு நாளாவது எங்கிட்டக் கேட்டாளா? எதுக்கு வந்தீங்க, என்னைய நம்பலையான்னு ஒரு வார்த்தை? கேக்கலைங்க. நெழலு பார்த்து உக்கார வெச்சுட்டுப் போயிருக்கறா. இல்லை தம்பி, தண்ணி வேண்டாம். உக்காருங்க, ஒண்ணுமில்லை.

அங்க பாருங்க, உங்க வண்டி ஆயிருச்சு, கூப்புடறான். போங்க. அந்த ஆணியைக் கேட்டு வாங்கிப் பார்... வேண்டாம். உடுங்க. ஆணின்னு சொன்னான்னா ஆணியாத்தான் இருக்கும்.

போறதுக்கு முன்னாடி ஒரே ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க, உங்களுக்கு எளங்கண்ணு. அந்தப் படிக்கு மேல கதவு தெரியுது பாருங்க, அது தெறந்திருக்குதா, சாத்தியிருக்குதா?

சாத்தியிருக்குதா. ஆமா, ஆட்டம் ஆரம்பிச்சா உள்தாழ்ப்பாள் போட்டுக்குவாங்க. நான்தான் அப்ப ஆரம்பத்துல போடச் சொன்னது, ஆராச்சும் வந்துருவாங்கன்னு. அப்பத் தட்டித்தான் ஆகோணும். ஏறிப் போய், தட்டிப்போட்டு, வெளிய நிக்கோணும். இத்தனை நேரம் எங்க இருந்தீங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது? மணி அஞ்சாகப் போகுது.

ஒண்ணும் கேக்காமத் தெறப்பாளுங்களா தம்பி? நானா இருந்தாத் தெறக்க மாட்டேன்.